சிப்பி ஓடு போட்ட வாய்க்கால்

மழை விட்ட ஒரு மணி நேரத்துக்குள் வீட்டு முன்பக்கம் காய்ந்து கிடப்பதைப் பார்த்தால் எனக்கு வருகிற சந்தோஷம் கொஞ்சம் அளவுக்கு மீறியதுதான். பிள்ளை பரீட்சையில் பாஸான செய்தி வந்ததுபோல முகம் மலர்ந்துவிடும். வீட்டில் உள்ளவர்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். ஒரு வீட்டு முன்பக்கத்தில் தண்ணீர் தேங்கினால் என்னென்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. தூத்துக்குடியில் ஓர் ஐப்பசி மாதம் அதை நான் என் கையாலேயே நடத்திக் காட்டியிருக்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. புதுத் துறைமுகம் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. என் கணவருக்கு அங்கே குமாஸ்தா வேலை. மாமியார் வீட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, கைக்குழந்தையோடு நாங்கள் தனிக்குடித்தனம் வந்த வீடு ஊரின் ஓரத்தில் இருந்தது. தெருவில் மொத்தம் ஒன்பது வீடு. எங்களுடையதுதான் கடைசி. அதைத் தாண்டினால் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் உப்பளம். குழாய் இன்னும் எங்கள் தெருவுக்கு வரவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நகராட்சி லாரி தண்ணீர் கொண்டுவரும், வராமலும் போகும். எல்லா வீட்டிலும் கிணறு இருந்தது. எல்லாக் கிணற்றிலும் உப்பு. பாத்திரம் கழுவலாம், குளிக்கலாம், குளித்த பிறகு தலைமுடி தேங்காய் நார் போல நிற்கும். குடிக்கிற தண்ணீர் ஒரே ஒரு கிணற்றில்தான் கிடைத்தது. அது எங்களுக்கு அடுத்த வீட்டுக் கிணறு.

அந்த வீட்டு அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கடற்கரைக் கிறிஸ்தவக் குடும்பம். அவள் புருஷன் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் தண்டல். தோணியை நடத்துகிற தலைமை ஆள் என்று அர்த்தம். மாதத்தில் பாதி நாள் கடலிலும் கொழும்பிலுமாக இருப்பார். பிள்ளைகள் இல்லை. அவள் ஒருத்தியாகவே வீட்டையும் கிணற்றையும் பார்த்துக்கொண்டாள். கிணறு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மணலைத் தோண்டி சிமெண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய உறைக்கிணறு. மேல் உறை தரைக்கு மேல் ஒரு முழம்கூட இருக்காது. வீட்டுக்கு இரண்டு குடம் என்று அவள் வைத்திருந்த முறையை ஒருவரும் மீறியதில்லை. மூன்றாவது குடம் கேட்டால், "கிணறு என்ன கடலா?" என்பாள். அதற்குமேல் பேச்சு கிடையாது.

என் கணவருக்கு ஓர் ஆசை இருந்தது. புல்தரை. அவர் 'லான்' என்றுதான் சொல்வார். பெரிய அதிகாரி ஒருவரின் குவார்ட்டர்ஸுக்கு ஒரு நாள் ஃபைல் கொண்டுபோனவர், அங்கே பச்சைப் புல்லில் பிரம்பு நாற்காலி போட்டு அவர்கள் டீ குடிப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். அந்த வாரமே இரண்டு பிரம்பு நாற்காலி வாங்கிவிட்டார். புல் இல்லை, நாற்காலி வந்துவிட்டது. மணலில் போட்டு உட்கார்ந்தால் ஒரு கால் மட்டும் புதைந்து ஆள் சாய்ந்துபோவார். சாய்ந்தபடியே டீ குடிப்பார். நான் உள்ளேயிருந்து பார்த்துச் சிரிப்பேன்.

முன்பக்கம் முப்பதடி நீளம், இருபதடி அகலம். முழுக்கக் கடல் மணல். வெயில் காலத்தில் காலையில் எழுந்து பார்த்தால் தரையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். ஊற்றுகிற தண்ணீர் ஊற்றுகிற சத்தத்தோடு உள்ளே போய்விடும். அவர் மூன்று தடவை அருகம்புல் கொண்டுவந்து நட்டார். மூன்று தடவையும் கருகியது. மூன்றாவது தடவை அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "இத எங்கிட்ட விடுங்க" என்றேன். அதுதான் ஆரம்பம்.

நான் ஆழ்வார்திருநகரிப் பக்கத்து நெல் கிராமத்தில் பிறந்தவள். தாமிரபரணித் தண்ணீர் பாய்கிற மண். கோடையில் குளம் வற்றியதும் அடியில் படிந்த கரம்பையை, அதாவது கருப்புக் களிமண்ணை, வெட்டி வயலுக்கு அடிப்பது எங்கள் ஊர் வழக்கம். நிலத்துக்கு என்ன நோய் வந்தாலும் எங்கள் ஆட்களிடம் மருந்து ஒன்றுதான். உவர் மண்ணா, கரம்பை அடி. மணலா, கரம்பை அடி. போன வருஷம் விளைச்சல் சரியில்லையா, இரண்டு வண்டி கூடுதலாக அடி. அப்பாவுக்குக் கடிதம் போட்டேன். மகள் வீட்டில் புல் முளைக்கவில்லை என்பதை அவர் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். வைகாசியில் மூன்று லாரி கரம்பை வந்து இறங்கியது. போதாதென்று தொழுவத்து எரு ஒரு லாரி.

முன்பக்கம் முழுவதும் ஒரு அடி உயரத்துக்குக் கரம்பையைப் பரப்பினோம். எருவைக் கலந்து, தண்ணீர் விட்டு, மிதித்து, மட்டப்பலகை இழுத்துச் சமப்படுத்தினோம். சுற்றிலும் வரப்பு போட்டேன். அதை நான் யாரிடமும் விடவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே மம்பட்டி பிடித்தேன். அப்படி ஒரு வரப்பை அந்தத் தெரு பார்த்திருக்காது. எங்களுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் பனைமட்டை வேலிதான். அவள் வேலிக்கு அந்தப்புறம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, மணலுக்கு மேல களிமண்ணப் பரப்புதியே, தண்ணி எங்கன போவும்?" என்று கேட்டாள்.

"போவக் கூடாதுன்னுதான் அக்கா போடுதோம். நின்னாத்தான புல்லு வேர் பிடிக்கும்."

"நிக்கும், நிக்கும்" என்றாள். "மழையிலயும் நிக்குமே."

எனக்குச் சுருக்கென்று வந்தது. நான் கோபக்காரி, இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது, அன்றைக்கு மூக்குக்கு மேலேயே இருக்கும். சாயங்காலம் கணவரிடம், "கடல்ல கெடக்கவுகளுக்கு மண்ணப் பத்தி என்ன தெரியும்?" என்றேன். பனைமட்டை வேலி சத்தத்தைத் தடுக்காது என்பது அப்போது எனக்கு நினைவில்லை. அவள் காதில் விழுந்ததா என்று நான் கேட்டதில்லை. விழுந்திருக்கும்.

புல் பிடித்தது. பிடித்தது என்றால் சாதாரணப் பிடிப்பு இல்லை. ஆவணியில் பாதம் வைத்தால் மெத்தென்று அமுங்கும். பிரம்பு நாற்காலிகள் நேராக நின்றன. என் கணவர் ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று நடப்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் கூட வேலை பார்க்கிறவர்களைக் கூட்டிவந்து காட்டுவார். நான் உள்ளேயிருந்து காபி அனுப்பிவிட்டு, அவர்கள் வாய்பிளப்பதைக் கதவு இடுக்கில் பார்ப்பேன். தலைக்கனம் என்றால் அப்படி ஒரு தலைக்கனம்.

ஐப்பசியில் மழை தொடங்கியது. தூத்துக்குடியில் மழை குறைவு என்பார்கள். பெய்கிற நாலு நாளில் மொத்தமாகப் பெய்துவிடும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். முதல் நாள் புல்லுக்கு மேல் விரல்கடை உயரம் தண்ணீர் நின்றது. பிள்ளையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தேன். இரண்டாவது நாள் கணுக்கால். மூன்றாவது நாள் எங்கிருந்தோ தவளைகள் வந்து சேர்ந்தன. என் கணவர் ஜன்னலில் நின்று, "நாத்து நட்டுருவமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலாவது நாள் காலையில் அவர் வேலைக்குப் போன பிறகு மழை வலுத்தது. தண்ணீர் வாசற்படி இரண்டையும் மூடிவிட்டு நிலையைத் தொட்டது. வீட்டுக்குள் தவழ்கிற பிள்ளை.

வயலில் தண்ணீர் மிஞ்சினால் என்ன செய்வோம்? தாழ்ந்த மூலையில் வரப்பை வெட்டி அடுத்த வயலுக்கு விடுவோம். அவன் அதற்கடுத்த வயலுக்கு விடுவான். யாரும் யாரையும் கேட்பதில்லை, யாரும் கோபித்துக்கொள்வதும் இல்லை. கடைசியில் எல்லாத் தண்ணீரும் குளத்துக்கோ ஆற்றுக்கோ போய்ச் சேர்ந்துவிடும். பிள்ளையைத் தொட்டிலில் போட்டேன். மம்பட்டியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினேன். தாழ்ந்த மூலை எது என்று காலே சொல்லியது. நாலு வெட்டு. வரப்பு திறந்தது. தண்ணீர் சளசளவென்று வேலிக்கு அடியில் பாய்ந்தது. வாசற்படி தெரிய ஆரம்பித்தது. அப்பாடா என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டேன்.

"ஏளா! கெணறு! ஏளா, கெணறு!"

அந்தச் சத்தத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. வேலிக்கு அந்தப்புறம் பத்தடியில் கிணறு. வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடினேன். அக்கா கிணற்றோரம் மண்டியிட்டு இரண்டு கையாலும் மணலை அள்ளி அணை போட்டுக்கொண்டிருந்தாள். நானும் விழுந்து அள்ளினேன். எங்கள் வரப்பை அடைத்துவிட்டு வந்திருக்க வேண்டும், அதுகூடத் தோன்றவில்லை. அவள்தான், "அங்கன போய் வரப்ப அடை, போ!" என்று விரட்டினாள். ஓடிப்போய்க் கோணிச்சாக்கை வைத்து மிதித்து அடைத்தேன். திரும்பி வந்தபோது நேரம் கடந்துவிட்டது. மேல் உறையைத் தாண்டித் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. எட்டிப் பார்த்தேன். டீத்தண்ணீர் நிறம். மேலே வைக்கோல் துரும்பும் எருத்தூளும் மிதந்தன. எங்கள் ஊர்த் தொழுவத்து எரு.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கப்பியிலிருந்து கயிற்றை உருவினாள், வாளியோடு கொண்டுபோய் அவள் வீட்டுக் குசினியில், அதாவது சமையலறையில், ஓர் ஆணியில் மாட்டினாள். குடம் எடுத்து வந்த பெண்களிடம், "யாரும் எறைக்காதிய. மழைத்தண்ணி எறங்கிட்டு" என்றாள். யார் வீட்டுத் தண்ணீர் என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை; வேலியில் நான் பிய்த்த ஓட்டை இருந்தது, அதில் புல் சிக்கியிருந்தது.

வாந்திபேதிப் பயம் இருந்த காலம் அது. காய்ச்சிக் குடித்தால் போதும் என்று என் கணவர் ஆபீஸ் டாக்டரைக் கேட்டுவந்து சொன்னார். "எருத்தண்ணியக் காச்சுனா காச்சுன எருத்தண்ணிதான?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. தெரு முழுக்க லாரிக்குக் காத்து நின்றது. நான் வரிசையில் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். ஒருத்தி என் குடத்தை முன்னால் தள்ளிவைத்து, "நீங்க மொதல்ல பிடிங்க, ஒங்களுக்குப் புல்லுக்கும் வேணும்லா" என்றாள். வீட்டுக்கு வந்து அழுதேன். கோபத்தில் அழுதேன் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன். வெட்கத்தில்தான் அழுதேன்.

இன்னொரு கவலை அதைவிடப் பெரிதாக இருந்தது. முன்பக்கத்தில் இன்னும் பாதித் தண்ணீர் அப்படியே நின்றது. அடுத்த மழை வந்தால் மறுபடி நிறையும், கோணிச்சாக்கைத் தள்ளிக்கொண்டு மறுபடி கிணற்றுக்குப் போகும். இரண்டாவது தடவையும் இறங்கினால் அந்தக் கிணற்றைத் தெரு கைவிட வேண்டியதுதான். தெருவுக்கு வடிக்கலாம் என்றால் தெரு எங்களைவிட உயரம். ஓடைக்கு வடிக்கலாம் என்றால் ஓடையே கரை தொட்டு நின்றது. என் கணவர் வாளியால் இறைத்து இறைத்துத் தெருவில் ஊற்றினார். அது கேட் வழியாகத் திரும்ப வந்தது. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அதைக் கவனித்தார்.

அப்போதுதான் துணி காயப்போடுகிற கம்பம் சாய்ந்தது. சவுக்குக் கம்பம். ஓடைப் பக்கத்து மூலையில், கரம்பை அடிப்பதற்கு முன்பே நட்டது. இரண்டு பக்கமும் ஆட்டிப் பிடுங்கினேன். கம்பம் வந்த குழியில் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. நிறைந்ததும் நின்றுவிடும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. குடுகுடுவென்று போய்க்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் குழியைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்குப் புல் தலை தெரிந்தது.

நான் கம்பத்தைப் பிடித்தபடி நின்றேன். அந்த மணலுக்குத் தண்ணீர் குடிக்கத் தெரியும். எத்தனை மழையையும் குடித்திருக்கும். அதன் வாயை மூன்று லாரி மண் கொட்டி மூடியவள் நான். அக்கா அன்றைக்கு வேலியோரம் நின்று கேட்டது இதைத்தான். எங்கள் ஊரில் தண்ணீர் நிற்க வேண்டும்; அவர்கள் ஊரில் தண்ணீர் இறங்க வேண்டும். நான் எங்கள் ஊரைக் கொண்டுவந்து அவர்கள் ஊர்மேல் கொட்டியிருக்கிறேன். இது புரிந்தபோது முதலில் அவமானமாகத்தான் இருந்தது. அதற்கு அடுத்த நிமிஷமே மனசு லேசாகிவிட்டது. காரணம் தெரிந்துவிட்டதே.

நேராக அவள் வீட்டுக்குப் போனேன். அவள் குசினியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க அன்னைக்குக் கேட்டது சரி. தப்பு என் பேர்லதான்."

"அது கெடக்கட்டும்ளா. இப்ப என்ன செய்யப் போற, அதச் சொல்லு."

"களிமண்ண வெட்டி, அடியில மணல் தட்டுத வரைக்கும் வாய்க்கா எடுக்கப் போறேன். நடுவுல ஒண்ணு. கெணத்துப் பக்கம் வேண்டாம், ஓடப் பக்கமாக் கொண்டுபோயிருதேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ரெண்டு நாள்ல சேறு சரிஞ்சு மூடிக்கிடும்."

அதுவும் சரிதான். வாய்க்கால் மூடாமல் இருக்க உள்ளே எதையாவது போட வேண்டும். தண்ணீரை விடவும் வேண்டும், மண்ணைத் தாங்கவும் வேண்டும். கல் போடலாம். அந்த மணல் காட்டில் கல்லுக்கு எங்கே போவது? இரண்டு பேரும் யோசித்தோம். பிறகு அவள் மோவாயை மட்டும் பின்வாசல் பக்கம் திருப்பிக் காட்டினாள். அங்கே ஆள் உயரத்துக்குச் சிப்பி ஓடு குவிந்து கிடந்தது. கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அவள் மாமனார் கொண்டுவந்து கொட்டியது. முத்து இருந்ததோ இல்லையோ, ஓடு இருந்தது. சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கிற காளவாய்க்காரர்கள் எத்தனையோ தடவை கேட்டும் அவள் கொடுத்ததில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

என் கணவர் மூன்று நாள் லீவு போட்டார். அவருடைய லானை அவரே வெட்டினார். அதை நினைத்தால் இப்போதும் அவர்மேல் எனக்குப் பிரியம் கூடும். புல்லை மண்ணோடு பலகை பலகையாகப் பெயர்த்து, ஈரச் சாக்கில் வரிசையாகப் படுக்கவைத்துவிட்டுத்தான் மம்பட்டியை ஓங்கினார். நடுவில் நீளமாக ஒரு வாய்க்கால், இரண்டு பக்கத்திலிருந்தும் அதில் வந்து சேர்கிற நாலு சின்ன வாய்க்கால்கள். கரம்பை தீர்ந்து வெள்ளை மணல் தெரிகிறவரை வெட்டினோம், அதற்கும் கீழே அரை அடி. ஓடைப் பக்க மூலையில் இரண்டு முழ ஆழத்துக்கு ஒரு குழி. அதற்கு மேல் ஆழம் வேண்டாம் என்று அக்கா வேலியிலிருந்து கத்தினாள்: "போதும், போதும். கீழ போனா உப்புத்தண்ணி மேல வந்துரும்." கிணற்றுப் பக்கம் ஆறடி அகலத்துக்குக் கரம்பையை மொத்தமாக வழித்தெடுத்து, அதையே வேலியோரம் உயரமான கரையாகப் போட்டோம். அவள் கூடை கூடையாகச் சிப்பியை வேலி ஓட்டை வழியாகத் தள்ளிவிட்டாள். நான் வாங்கி வாய்க்காலில் கொட்டினேன். விரலெல்லாம் கீறல். மேலே ஒரு சாண் மணல், அதற்கு மேல் பெயர்த்த புல்.

மூன்றாம் நாள் மத்தியானம் மழை வந்தது. வலுத்த மழை. நானும் கணவரும் வாசலில் நின்றோம். பிள்ளை என் இடுப்பில். புல்லில் தண்ணீர் தேங்கத் தொடங்கியது. பிறகு புல்லுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரோ தரைக்குள் பாத்திரம் கழுவுவது போல. தேங்கிய தண்ணீர் வாய்க்கால் ஓரமாக நகர்ந்தது, உள்ளே போனது. மழை விட்டுக் கொஞ்ச நேரத்தில் பிரம்பு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போடலாம் போல இருந்தது. என் கணவர் போட்டார். ஈரத்தில் உட்கார்ந்தார். "டீ?" என்றார். கிணறு கெட்டதிலிருந்து அன்றைக்குத்தான் நான் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தேன்.

கிணறு மிச்சமிருந்தது. வாய்க்கால் கொடுத்த தெம்பில் என் கணவர் மறுநாளே தெரிந்த ஒருவரிடம் ஆயில் எஞ்சின் பம்பு ஒன்றைக் கேட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் ஊர்களில் கிணறு கெட்டால் அடிவரை இறைத்துத் தூர் வாரிவிடுவோம். புது ஊற்று வந்துவிடும். பம்பைப் பார்த்ததும் அக்கா கிணற்றுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"தம்பி, அத எடுத்துட்டுப் போயிருங்க. இந்த நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மெதந்துகிட்டு நிக்கி. மொத்தமா எறைச்சியன்னா கீழ உள்ளது ஏறிரும். ஏறிட்டுன்னா எறங்கவே எறங்காது."

இந்தத் தடவை நான் அவளிடம் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. என் கணவர் கேட்கப் போனார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பம்பு வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது. எருவை ஊற்றியது போதாதென்று உப்பையும் ஏற்றிவிட்டுப் போயிருப்போம்.

அதனால் கையால்தான் இறைத்தோம். காலையில் நாற்பது வாளி, சாயங்காலம் நாற்பது வாளி, நிறுத்தி நிதானமாக. இறைத்ததைத் தூக்கிக்கொண்டு போய் ஓடையோரம் ஊற்ற வேண்டும். அவள் பாதி, நான் பாதி. பிள்ளையை அவள் வீட்டுக் கட்டிலில் படுக்கவைத்திருப்பேன். என் உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. அவள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் சுண்ணாம்பு போட்டாள். நகராட்சி ஆள் வந்து பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போனார். ஒரு நாள் இறைத்துக்கொண்டே, "மாதா கைவிட மாட்டா" என்றாள். எனக்குச் சொன்னாளா தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை. தண்ணீர் டீ நிறத்திலிருந்து பழைய கஞ்சி நிறத்துக்கு வந்தது, பிறகு மங்கல், பிறகு ஒரு நாள் காலையில் வாளியின் அடி தெளிவாகத் தெரிந்தது. பவுடர் நாற்றமும் போயிருந்தது.

ஆனாலும் யாரும் குடிக்க முன்வரவில்லை. தெளிந்த தண்ணீரைத் தெருவே வந்து எட்டிப் பார்த்தது, தலையாட்டியது, லாரிக்குப் போய் நின்றது. யாரைக் குறை சொல்ல? எல்லா வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். இந்தக் கிணறு வேண்டாம் என்று ஒரு தடவை தெரு பழகிவிட்டால் அவ்வளவுதான், பிறகு எத்தனை தெளிந்தாலும் அது துணி துவைக்கிற கிணறுதான். அவள் அதற்குத்தான் பயந்தாள். சொல்லவில்லை, ஆனால் குடம் இல்லாமல் கிணற்றைத் தாண்டிப் போகிற ஒவ்வொருத்தியையும் அவள் பார்த்த பார்வையில் எனக்குத் தெரிந்தது.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். என் வீட்டுத் தண்ணீர்தானே உள்ளே போனது? முதலில் நான் குடிக்கிறேன். தெரு பார்க்கக் குடிக்கிறேன். இரண்டு நாள் என் வயிற்றைப் பார்க்கட்டும். ஏதாவது வந்தால் எனக்கு வரட்டும். கணவரிடம் சொல்லவில்லை, சொன்னால் விட மாட்டார். அவர் வேலைக்குப் போனதும், லாரிக்கு எல்லோரும் வரிசையில் நிற்கிற நேரம் பார்த்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு டம்ளரோடு கிணற்றடிக்குப் போனேன். அவள் அங்கே இருந்தாள். வாளியில் அப்போதுதான் இறைத்த தண்ணீர்.

"அக்கா, நான் குடிக்கப் போறேன்" என்றேன், தெருவுக்கும் கேட்கிற மாதிரி.

"குடி" என்றாள்.

அவள் தடுப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன் போல. டம்ளரை முக்கி எடுத்தும் வாய்க்குக் கொண்டுபோகாமல் நின்றேன். இடுப்பில் பிள்ளை டம்ளரைப் பிடிக்கத் தாவினான்.

"பயப்படாத. நான் நாலு நாளாக் குடிக்கேன்."

எனக்குப் புரியவில்லை. நாலு நாளைக்கு முன்னால் தண்ணீர் மங்கலாக இருந்தது.

"காச்சாமத்தான் குடிக்கேன். காச்சுனா எப்படித் தெரியும்? வயித்துக்கு ஒண்ணும் பண்ணல" என்றாள். "ஒங்கிட்ட சொன்னா நீயும் குடிப்ப. பிள்ளைக்குப் பால் குடுக்கவ நீ. ஒனக்கு ஒண்ணுன்னா அவனுக்கும்லா ஒண்ணு. அதான் சொல்லல."

அந்த நாலு நாளும் அவளோடு எதிரெதிரே நின்று வாளி இழுத்தவள் நான். ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்க நேர்ந்தால் எழுந்து ஒரு விளக்கு ஏற்றக்கூட அந்த வீட்டில் இன்னொரு ஆள் கிடையாது. புருஷனுக்குச் சேதி போய் அவர் கொழும்பிலிருந்து தோணியில் வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? எல்லாம் தெரிந்துதான் குடித்திருக்கிறாள். நான் தெருவுக்குக் காட்டுவதற்காக டம்ளரோடு வந்தேன். அவள் யாருக்கும் தெரியாமல் குடித்து முடித்திருந்தாள்.

லாரி வரிசையில் நின்ற பெண்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குடித்தேன். உப்பு துளிகூட இல்லை. அடுத்த டம்ளரை முக்கி எடுத்து, அவள் பார்க்கவே, பிள்ளையின் வாயில் வைத்தேன்.